கிரீமை நிறுத்தினால் பரு திரும்ப வருவது ஏன்?

நீங்கள் கேட்டது: 19 வயது, மூன்று வருடமாக முகப்பரு, மெடிக்கலில் கொடுத்த கிரீம் போட்டால் நாலு நாளில் அமுங்குகிறது, விட்டால் முன்பைவிட அதிகமாகக் கிளம்புகிறது, என்ன செய்வது?

முதலில் அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும் மருந்து. நானும் அந்த வயதில் ஒன்றரை வருடம் அதைத்தான் பூசினேன். போட்ட வாரமே சிவப்பு வற்றி, நிறமும் ஒரு சுற்று கூடினது போல இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளே தோல் மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் விட்டாலும் எரிச்சல், வெயிலில் இறங்கினால் முகம் தக்காளி. இந்தக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது, இருந்தும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பார்த்து நிறுத்துங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு உண்டு.

சரி, பரு ஏன் வருகிறது? எனக்கு ஊர் காங்கேயம், கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும் நிறைந்த ஊர். என் நெற்றி முழுக்கக் குருணை குருணையாக வந்தபோது அம்மிச்சி (அம்மாவின் அம்மா), "சூட்டு உடம்பு சாமி, நல்லா எண்ணெய் வெய்யி" என்றது. வைத்தேன். நெற்றியும் நெற்றிப்பொட்டும் இன்னும் மோசமானது. வயசுக்கு வரும்போது ஆன்ட்ரோஜன் ஹார்மோன்கள் ஏறி, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கும். உதிர்கிற தோல் செல்கள் அந்த எண்ணெயோடு சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைக்கும். உள்ளே எப்போதும் இருக்கிற ஒரு பாக்டீரியா பெருகி, வீங்கிச் சிவக்கும். ஸ்டீராய்டு அந்தச் சிவப்பை அமுக்குமே தவிர அடைப்பை எடுக்காது, அதனால்தான் விட்டதும் திரும்பக் கிளம்புகிறது. தலையிலிருந்து வழிகிற தேங்காய் எண்ணெய் அந்த அடைப்புக்குத் துணைதான் போகும். ஆக இது அழுக்கும் இல்லை, சூடும் இல்லை. கரும்புள்ளியின் கருப்புகூட அழுக்கு இல்லை, காற்றுப் பட்டு நிறம் மாறியது. நாளுக்கு ஆறு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். இரண்டு தடவை போதும். மஞ்சளைப் பற்றிக் குறை சொன்னால் ஈரோட்டுக்காரர்கள் அடிக்க வருவார்கள், ஆனால் மேலே அப்பிய மஞ்சள் துளைக்குள் இருக்கிற அடைப்பை எடுக்காது.

எனக்கு வேலை செய்தவை இரண்டு. அடைப்பை எடுக்க, இரவில் அடாபலீன் 0.1% ஜெல், பட்டாணி அளவு எடுத்து, பரு மேல் மட்டும் புள்ளி வைக்காமல் பரு வருகிற இடம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும். பாக்டீரியாவுக்கு, காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5%. முதல் மூன்று நாலு வாரம் வறண்டு உரிந்து, பரு கூடினது போலக்கூட இருக்கும். அங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கணக்கு 8 முதல் 12 வாரம். அது வரை சாதாரண மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். நம் நிறத்துக்குப் பரு போன பின்னால் நிற்கும் கருந்தழும்புதான் பெரிய தலைவலி, வெயில் பட்டால் அது இன்னும் கருக்கும்.

ஆழமாக, வலிக்கிற கட்டியாக வந்தால் இதையெல்லாம் பரீட்சை பார்க்காமல் நேராக டாக்டரிடம் போங்கள், அதுதான் குழி விழும் ரகம். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை தேவைப்படலாம். பலமான மருந்து, கர்ப்ப காலத்தில் அறவே கூடாது, டாக்டர் கண்காணிப்பில்தான். பெண்களுக்கு மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், காரணம் ஹார்மோனில் இருக்கலாம். அடாபலீனும் கர்ப்பத்தில் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் என் மச்சான், என் புது நீல டீசர்ட்டின் கழுத்தில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது டையிங் பால்ட்டு மாப்ளே, எந்தக் கடையில எடுத்தீங்க?" என்று சண்டைக்கே கிளம்பிவிட்டார். பென்சாயில் பெராக்சைடு துணிச் சாயத்தை வெளுத்துவிடும். துண்டும் தலையணை உறையும் வெள்ளையில் வாங்கிக்கொள்ளுங்கள்.