அம்புக்குறியைத் திருத்திக் கொடுக்கலாமா?

வணக்கம். ஆசிரிய பயிலுனர்களுக்கு டிஜிட்டல் கற்றல் சாதனங்கள் தயாரிப்பதில் வழிகாட்டுகிறேன். வகுப்பில் 24 பேர். ஒவ்வொருவரின் ஸ்லைடுகளுக்கும் புள்ளியும் குறிப்பும் கொடுக்கிறேன். திருந்தி வருவது எழுத்தின் அளவும் நிறமும்தான். பாடம் அப்படியே இருக்கிறது. எப்படிப் பின்னூட்டல் கொடுக்கலாம்?
— ஒரு வாசகர், மட்டக்களப்பு

அன்பின் வாசகருக்கு,

முதலில் புள்ளியை நிறுத்தி வையுங்கள். 1988இல் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பாடசாலை மாணவரிடம் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. உங்கள் பயிலுனர்கள் வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் 65 என்று கண்டால் கண் அதிலேயே நின்றுவிடும். இரண்டாம் முறை திருத்தி வந்ததற்குப் புள்ளி போடுங்கள்.

எல்லாப் பிழைக்கும் ஒரே மாதிரிப் பின்னூட்டல் சரிவராது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைட், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இதில் யோசிக்க வைக்க ஒன்றுமில்லை. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு மாற்றுங்கள் என்று நேரே சொல்லிவிடலாம்.

பாடப் பிழை வேறு. ஒருவர் வாவியின் உணவுச் சங்கிலியைச் செய்கிறார் என்று வையுங்கள். அம்புக்குறி நீர்க்காகத்திலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து இறாலுக்கும் போகிறது. எது எதைத் தின்கிறது என்று நினைத்து வரைந்திருக்கிறார். அம்பு காட்ட வேண்டியது சக்தி போகும் திசையை: இறாலிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து நீர்க்காகத்துக்கு. நீங்களே திருப்பிப் போட்டுக் கொடுத்தால் அந்த ஸ்லைட் சரியாகும். அடுத்த மாதம் வயலும் எலியும் பாம்பும் வரும்போது அம்பு மறுபடி தலைகீழாகும். அதனால், "ஸ்லைட் 4: இந்த அம்பு எது போகும் திசை? பிள்ளை கேட்டால் ஒரு வரியில் என்ன சொல்வீர்கள்?" என்று எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் சிக்கல் ஸ்லைடில் இல்லை, அவர் பாடத்தை விளங்கிக்கொண்டதில். அப்போது கேள்வி போதாது, பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும்.

நிறம் மட்டும் திருந்துவது ஏன்? "எழுத்து சிறிது, நிறம் மங்கல், கருத்துத் தெளிவில்லை" என்று மூன்றையும் ஒன்றாக எழுதினால், முதல் இரண்டையும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்றிருப்பார்கள். மூன்றாவதை வைத்து எதைச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. முதற் சுற்றில் அழகைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அந்த முதற் சுற்றும் தாளிலேயே நடக்கட்டும். ஏ4 தாளில் 6 கட்டம். ஒவ்வொன்றின் கீழும் "இதைப் பார்த்துப் பிள்ளை என்ன செய்யும்" என்று ஒரு வரி. இரவிரவாக அனிமேஷன் செய்தவருக்கு ஸ்லைடை நீக்க மனம் வராது. பென்சில் கட்டமென்றால் அழித்துவிடுவார்.

சக பயிலுனரிடம் சும்மா கருத்துக் கேட்டால் "நல்லாயிருக்கு" என்றுதான் வரும். தன் போனில் திறந்து பார்த்து, விளங்காமல் நின்ற ஸ்லைடின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.

24 பேருக்கும் எழுதுவது பெரிய வேலைதான். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு 2 நிமிடக் குரல் பதிவு என்றால் 48 நிமிடத்தில் முடியும். ஆனால் ஸ்லைட் இலக்கங்களை மட்டும் எழுத்திலும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு குறையைத் தேட முழுவதையும் திரும்பக் கேட்க வேண்டிவரும்.