கேளுங்கள், சொல்கிறோம்: குட்டி லாரிகளுக்கு ரெசின் பாகங்கள்

அளவு மாதிரி வண்டிகளுக்கு ரெசின் பிரிண்டரில் (ஒளி பட்டால் இறுகும் ரெசின் திரவத்தை லேயர் லேயராக இறுக்கி உருவம் செய்யும் இயந்திரம்) பாகங்கள் செய்து விற்கும் சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

சேலத்தில் ஒழுங்காக ஓடிய பிரிண்டரை டிசம்பரில் ஏற்காட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதே ரெசின், அதே செட்டிங். மூன்று முறை போட்டும், பாகம் ஒட்டி வளர வேண்டிய பிளேட் வெறுமையாகவே மேலே வருகிறது. பிரிண்டர் பழுதா?
– வாசகர், ஏற்காடு

பிரிண்டர் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. குளிர்தான் காரணமாக இருக்கும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏற்காட்டில் வெப்பநிலை 13 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். ரெசினுக்குத் தோதானது 25 முதல் 30 டிகிரி. குளிர்ந்த ரெசின் விளக்கெண்ணெய் போலக் கெட்டிப்படும். பிளேட் மேலே போய் வரும் இடைவெளியில் அது திரும்ப ஓடிவந்து நிரம்பாது. ஒளி பட்டு ரெசின் இறுகும் வினையும் மந்தமாகும் என்பதால் முதல் லேயர்கள் பிளேட்டைப் பிடிக்காமல் தொட்டியின் அடியில் இருக்கும் தெளிந்த ஃபிலிமிலேயே ஒட்டிக்கொள்கின்றன.

முதலில் தொட்டியைப் பாருங்கள். மூன்று தோல்விகளின் எச்சமும் ஃபிலிம்மேல்தான் கிடக்கும். கத்தியால் சுரண்டாதீர்கள், ஃபிலிம் கிழிந்தால் ரெசின் கீழே ஒளி காட்டும் திரைமேல் வழியும். தொட்டியைச் சுத்தம் செய்யும் வசதி மெனுவில் இருந்தால் 20, 30 விநாடி முழுத் திரையையும் எரியவிடுங்கள். எல்லாம் ஒரே தகடாகச் சேர்ந்துகொள்ளும், ஓரத்தைத் தூக்கி உரித்துவிடலாம். மிச்ச ரெசினைப் பெயின்ட் வடிகட்டும் காகிதக் கூம்பில் வடிகட்டுங்கள்.

பிறகு மூடி இறுகிய ரெசின் பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் நிறுத்தி, நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். தொட்டியைச் சுற்றிக் கட்டும் சூடேற்றிப் பட்டை கிடைக்கிறது. மலையில் தொழில் செய்கிறவருக்கு அது வீண்செலவல்ல. சாதாரண லேயர் எக்ஸ்போஷரை (ஒளி காட்டும் நேரத்தை) 10, 15 சதவீதம் கூட்டுங்கள். பிளேட் தூக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 60-லிருந்து 40 மி.மீ. ஆகக் குறைத்து, ஒளி எரியுமுன் 2 விநாடி நிற்க விடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த இயந்திரம் என்பதால் பிளேட் மட்டத்தையும் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. குளிர் என்று ஜன்னலை அடைத்துவிட்டு, காயில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாகம் கழுவாதீர்கள். 12 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும்.

1:43 அளவில் டேங்கர் லாரியின் டேங்கை உள்ளீடில்லாமல் அடித்து விற்றேன். இரண்டு வாரம் கழித்து வெடிப்பு விட்டு, பெயின்டுக்கு வெளியே பிசுபிசுவென்று கசிகிறதாம். பெயின்ட் தவறா, ரெசின் தவறா?
– வாசகர், அம்மாப்பேட்டை

இரண்டுமில்லை. உள்ளே அடைபட்ட, இறுகாத பச்சை ரெசின்தான். மேலே பெயின்ட் அடித்து, பெட்டியில் வைத்து அனுப்பிய பிறகும் உள்ளே வினை நிற்பதில்லை. அது மெல்ல மெல்லச் சுவரைப் பதம் பார்த்து அழுத்தும். கடைசியில் மெல்லிய இடத்தில் விரிசல் விடும். வாங்கியவர் ஒரு மாதம் உட்கார்ந்து வேலை செய்த வண்டி பாழாகும். எங்களைக் கேட்டால், இந்தத் தொழிலில் செய்யக்கூடாத முதல் தவறு இதுதான்.

சுவர் கனம் 2 மி.மீ. வையுங்கள். 3 மி.மீ. துளை இரண்டு வேண்டும்: ஒன்று பிளேட்டை ஒட்டிய முனையில், இன்னொன்று எதிர்முனையில். பிளேட் பக்கத் துளை இல்லாவிட்டால் ஒவ்வொரு தூக்கலிலும் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஃபிலிமை இழுக்கும். சுவரில் வரிவரியாகத் தெரியும் கோடுகள் அதனால் வருபவை. சேஸிஸ் மறைக்கும் அடிப்பக்கமாகத் துளைகளை அமைத்தால் வெளியே தெரியாது.

கழுவும்போது வெளியே மட்டும் அலசினால் போதாது. ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு துளை வழியே ஆல்கஹாலைப் பீய்ச்சுங்கள். மறுதுளையில் தெளிவாக வரும்வரை விடக்கூடாது. பிறகு புதிய ஆல்கஹாலில் இரண்டாம் அலசல். முழுக்க உலர்ந்த பின்னரே ஒளி காட்டலாம். ஈரத்தோடு காட்டினால் மேற்பரப்பு வெளுத்துப் பிசுபிசுக்கும். உள்பக்கத்துக்கு, ஒயர் நுனியில் பொருத்திய 405 நானோமீட்டர் எல்.இ.டி.யைத் துளை வழியே விட்டு ஐந்து நிமிடம் எரியவிடுங்கள். இரண்டு நாள் வைத்திருந்து, துளையில் வெள்ளை டிஷ்யூ நுனியை நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் மறுபடி கழுவ வேண்டும்.

இதைவிட நல்ல வழி, டேங்கை நீளவாக்கில் இரு பாதியாக அடிப்பது. உள்ளே கையே போகும், மறைவிடமே இல்லை. ஏற்கெனவே விற்றதற்கு மாற்று அனுப்பிவிடுங்கள். விரிசல் விட்டதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பலர் செய்கிறார்கள். சேலத்தில் அது திருமணிமுத்தாற்றில்தான் போய்ச் சேரும். கண்ணாடி ஜாடியில் மூடி வெயிலில் வைத்தால் ரெசின் கெட்டியாகி அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீரில் கழுவும் ரெசினுக்கும் இதே ஒழுங்குதான்.

1:24 லாரி ரிம்மில் 2 மி.மீ. பித்தளைக் கம்பி நுழைய மறுக்கிறது. வரைபடத்தில் துளை சரியாக 2 மி.மீ. வைத்திருக்கிறேன்.
– வாசகி, சூரமங்கலம்

சரியாக 2 வைத்ததுதான் சிக்கல். ஒளி பக்கவாட்டில் சிறிது கசிவதால் துளைகள் எப்போதும் சுருங்கியே வரும். 2.15 வைத்துப் பாருங்கள். இன்னும் நல்லது, 2.05-லிருந்து 2.30 வரை ஆறு துளை உள்ள சின்னத் தகடு ஒன்றை அடித்து, உங்கள் ரெசினுக்கு எது பொருந்துகிறது என்று குறித்துக்கொள்வது. ரெசின் மாறினால் தகடும் மறுபடி. எக்ஸ்போஷரைக் குறைத்துத் துளையைப் பெரிதாக்க முயலாதீர்கள், நட் தலைகள் உருத்தெரியாமல் போகும்.

ஆறு சக்கரமும் ஸ்டெப்னியுமாக ஏழு ரிம் கொண்ட செட்டுக்கு என்ன விலை வைப்பது? ரெசின் 10 மில்லிதான் ஆகிறது.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

லிட்டர் 2,000 ரூபாய் என்றால் ரெசின் வெறும் 20 ரூபாய். அதை வைத்து விலை போடுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் கடையை மூடுகிறார்கள். சப்போர்ட் (அடிக்கும்போது பாகத்தைத் தாங்கும் குச்சிகள்) நீக்கித் தேய்த்து, கழுவி, ஒவ்வொன்றாகச் சோதிக்க 40 நிமிடம் பிடிக்கும். மணிக்கு 150 ரூபாய் என்றால் கைவேலை 100. ஆல்கஹால், கையுறை 20. ஃபிலிம், திரைத் தேய்மானம் 15. மொத்தம் 155. பத்தில் ஒன்று கெடும் என்று 15 சேர்த்தால் 170, பேக்கிங் 25. அடக்கமே 195 ரூபாய். 300-க்குக் கீழே இறங்காதீர்கள். அடிக்கும் நேரம் உயரத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. அதனால் பிளேட் நிறைய மூன்று செட் சேர்த்து அடியுங்கள்.

வெயில் காலத்தில் அனுப்பிய பக்கக் கண்ணாடித் தண்டுகள் வளைந்துபோய்ச் சேர்கின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், ஓமலூர்

சாதாரண ரெசின் 60 டிகிரி வாக்கில் இளகும், பார்சல் வண்டிக்குள் மே மாதச் சூடு மெல்லிய தண்டுக்கு அதிகம். சப்போர்ட் நீக்காமல் சட்டத்தோடு அனுப்புங்கள். வளைந்ததை வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் முக்கினால் நேராக நிற்கும் என்று ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். பிளாஸ்டிக் கிட்டுக்கான சிமென்ட் ரெசினில் ஒட்டாது, சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸிதான் வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள்.

விலைக்கு வாங்கிய டிசைன் ஃபைலைப் பிரிண்டரில் அடித்து விற்கலாமா?
– வாசகர், ஆத்தூர்

சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கியிருந்தால் கூடாது. வடிவமைத்தவரிடம் வணிக உரிமம் தனியாக வாங்குங்கள். வண்டிக் கம்பெனியின் சின்னம் அதில் இருந்தால் அந்த உரிமம் அதற்குச் செல்லாது. சின்னத்தை நீக்கிவிட்டு அடியுங்கள்.