கோன்ஃபிளவர் (எக்கினேசியா என்கிற பூச்செடி) விதை போட்டு ஒரு கோடை முடிந்துவிட்டது. இலைதான் இருக்கிறது, பூவே இல்லை. பிடுங்கிவிடலாமா?

பிடுங்கிவிடாதீர்கள், செடி நன்றாகத்தான் இருக்கிறது. விதையில் இருந்து வந்த கோன்ஃபிளவர் பெரும்பாலும் முதல் கோடையில் தரையோடு ஒட்டிக் கொஞ்சம் இலை விடுவதோடு சரி. வேலையெல்லாம் மண்ணுக்குள் நடக்கும். தண்டு எழும்பிப் பூப்பது இரண்டாம் வருடம், சில செடிகளில் மூன்றாம் வருடம்.

சிகாகோ புறநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். பனிக்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துவிடும், வசந்தத்தில் அடியில் இருந்து துளிர்க்கும். அப்படித் துளிர்த்ததைத்தான் முதல் தடவை களை என்று நினைத்துப் பாதியைப் பிடுங்கி எறிந்தேன். இலையைத் தடவிப் பாருங்கள், பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும்.

அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் தானாக முளைக்கிற செடி இது. நல்ல வெயில் வேண்டும், பனிக்காலத்தில் வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. எரு போட்டுச் செல்லம் கொடுத்தால் (நம் கை சும்மா இருக்காதே!) கொழுத்து வளர்ந்து ஒரு மழைக்குச் சாய்ந்துவிடும். விதையை நவம்பரில் மண்மேல் தூவி லேசாக அழுத்திவிடுங்கள், குளிர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஊதா வகை குளிர் படாமலும் ஓரளவு முளைக்கும். இதழ் தொங்கும் பல்லிடா வகையிடம் அது நடக்காது.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. ஒரு வருடம் ஒரு பூ பச்சையாகவே மலர்ந்து, நடுக் கூம்பில் இருந்து குட்டிக் குட்டி இலைக் கொத்துகள் கிளம்பின. அபூர்வ வகை என்று எல்லாருக்கும் படம் அனுப்பினேன். அடுத்த வருடம் பக்கத்தில் இன்னும் இரண்டு செடிகள் அப்படியே ஆயின. ஆஸ்டர் யெல்லோஸ் என்ற நோயாம். ஊரில் எள்ளுச் செடியில் பூவெல்லாம் இலையாகிப் போகுமே, அதே இனக் கிருமி, அங்கே போலவே தத்துப்பூச்சிதான் பரப்புகிறது. மருந்து கிடையாது. வேரோடு எடுத்துக் குப்பையில் போட்டேன்.

பூத்து முடிந்த தலைகளை வெட்டாதீர்கள். எக்கினேசியா என்ற பெயரே கிரேக்கத்தில் முள்ளெலியைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. விதை உதிர்க்கப் போனால் விரல் நுனியில் ஏன் என்று தெரியும். ஆனால் மஞ்சள் கோல்டுஃபிஞ்ச் குருவி அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவித் தின்னும். எங்கள் வீட்டில் ஜனவரி வரை வருகிறது.