டாக்டர் பதில்கள்: என்ஐசியுல (பச்சக்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கற குழந்தைக்கு இத்தனை எக்ஸ்ரே தேவையா?

கேள்வி: டாக்டர், எங்க பொண்ணு ஏழாம் மாசமே பிறந்துட்டா, இப்போ வென்டிலேட்டர்ல இருக்கா. கிட்டத்தட்ட தினமும் மெஷினைத் தள்ளிட்டு வந்து எக்ஸ்ரே எடுக்கறாங்க. கதிர்வீச்சு ஆபத்துன்னு படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே வரல. இனிமே எடுக்க வேண்டாம்னு சொல்லிடலாமா?

பதில்: வேண்டாம்னு சொல்லாதீங்கம்மா, எதுக்குன்னு கேளுங்க. பச்சக்குழந்தைக்கு எடுக்கற ஒரு நெஞ்சு எக்ஸ்ரேல போற கதிர்வீச்சு சுமாரா 0.02 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கற அலகு), மெஷினைப் பொறுத்து கொஞ்சம் கூடும் குறையும். மண்ணு, காத்து, வானம், சாப்பாடுன்னு இயற்கையா நம்ம எல்லாருக்கும் வருஷத்துக்கு உலக சராசரியா 2.4 மில்லிசீவர்ட் வந்துட்டுதான் இருக்கு. அப்போ ஒரு படம்ங்கறது சில நாள்ல தானா வந்து சேர்ற அளவுதான், இதுவரைக்கும் எடுத்ததை நினைச்சு மனசை வதைச்சுக்காதீங்க.

அதுக்காக கம்மிதானேன்னு கணக்கில்லாம எடுக்கறதும் சரியில்ல. குறைமாசக் குழந்தைங்க உடம்புல செல்லெல்லாம் வேகமா பெருகிட்டு இருக்கும், அவங்களுக்கு முன்னாடி ஒரு முழு ஆயுசு இருக்கு, உடம்பும் ரொம்பச் சின்னதுங்கறதால நெஞ்சுக்கு எடுத்தா வயிறும் தைராய்டும் சேர்ந்தே மாட்டிக்கும், அதுவும் வாரக்கணக்குல உள்ளே இருக்கற குழந்தைக்கு படம் மேல படம் சேர்ந்துட்டே போகும்.

சில சமயம் எடுத்தே ஆகணும். மூச்சுக்குழாய்ல டியூப் புதுசா போட்டா பாக்கணும், ஏன்னா இந்தக் குழந்தைங்களுக்கு அந்தக் குழாயே ரொம்ப குட்டை, ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே டியூப் வலது நுரையீரலுக்குள்ள போயிடலாம். ஆக்சிஜன் திடீர்னு இறங்கினா, வயிறு உப்பி குடல்ல ஓட்டை விழுந்திருக்குமோன்னு சந்தேகம் வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்கக் கூடாது. ஆனா குழந்தை நேத்து மாதிரியே இருக்கு, எந்த மாற்றமும் இல்ல, ரவுண்ட்ஸுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒண்ணு எடுத்து வைக்கறது வழக்கம்னு எடுத்தா அதை நான் ஒத்துக்க மாட்டேன். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015லயே, தேவையில்லாத பரிசோதனைகளைத் தவிர்க்கச் சொல்ற சாய்சிங் வைஸ்லி பட்டியல்ல இதை தெளிவா சொல்லிடுச்சு, டியூப் போட்ட குழந்தைக்குக்கூட காரணம் இல்லாம தினசரி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காதீங்கன்னு. அதனால டாக்டர்கிட்ட, "இந்தப் படத்துல என்ன பாக்கப் போறீங்க, அதை வச்சு சிகிச்சைல ஏதாவது மாறுமா"ன்னு தன்மையா கேளுங்க. நல்ல டீம்னா கோச்சுக்க மாட்டாங்க, நின்னு பதில் சொல்லுவாங்க.

கேள்வி: எக்ஸ்ரேக்கு பதிலா அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கலாம்ங்கறாங்களே, உண்மையா சார்?

பதில்: நிறைய விஷயத்துக்கு உண்மைதான். நுரையீரல்ல காத்து இருக்கறதால அல்ட்ராசவுண்ட்ல எதுவும் தெரியாதுன்னு ரொம்ப காலம் நினைச்சிட்டு இருந்தோம், இப்போ அந்தக் காத்தும் தண்ணியும் உண்டாக்கற கோடுகளை வச்சே நுரையீரல் விரியாம இருக்கா, ஈரம் கோத்திருக்கா, வெளியே காத்து கசிஞ்சு நுரையீரலை அமுக்குதா, நுரையீரல் விரிய உதவற சர்ஃபாக்டன்ட் மருந்து தேவைப்படுமான்னு கணிக்க முடியுது. தொப்புள் வழியா ரத்தக்குழாய்ல போட்ட லைனோட (மெல்லிசான டியூப்) நுனி எங்க நிக்குதுன்னும் பாக்கலாம். கதிர்வீச்சு துளிகூட கிடையாது, எத்தனை தடவை வேணாலும் பாக்கலாம். ஆனா பழகின கை வேணும், சில கேள்விக்கு இன்னமும் எக்ஸ்ரேதான் பதில் சொல்லும்.

கேள்வி: பக்கத்து இன்குபேட்டர் குழந்தைக்கு எடுக்கும்போது என் பையனையும் அது பாதிக்குமா? அவனுக்கு எடுக்கும்போது இடுப்புப் பக்கம் ஈயத்தகடு வைக்கச் சொல்லலாமா?

பதில்: பக்கத்துக் குழந்தைக்கு போறதைப் பத்தி பயமே வேண்டாம். சிதறி வர்ற கதிர்வீச்சு, தூரம் ரெண்டு மடங்கானா நாலுல ஒரு பங்கா குறைஞ்சிடும், ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலே பொருட்படுத்தற அளவு இல்ல. ஈயத்தகடு முன்னாடி வழக்கமா வச்சாங்கதான், ஆனா அது சில சமயம் பாக்க வேண்டிய இடத்தையே மறைச்சு மறுபடி எடுக்க வச்சிடும், 2019ல அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கமே அதை வழக்கமா வைக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எக்ஸ்ரே விழற சதுரத்தை நெஞ்சளவுக்கு சுருக்கறதுதான் நிஜமான பாதுகாப்பு.

கேள்வி: நான் என்ஐசியு நர்ஸ். எங்க பக்கம் நாங்க என்ன செய்யலாம் டாக்டர்?

பதில்: உங்க கையிலதான் பாதி விஷயமே இருக்கு சிஸ்டர், திரும்பத் திரும்ப எடுக்கற படங்கள்ல நிறைய பொசிஷன் சரியில்லாம வீணாகறதுதான். தலை நேரா இருக்கணும், தாடை நெஞ்சுப் பக்கம் குனிஞ்சா டியூப் உள்ளே இறங்கும், நிமிர்ந்தா மேல ஏறும், அதை கவனிக்காம எடுத்துட்டு டியூபை நகர்த்தி, திரும்ப ஒரு படம்னு போயிட்டே இருக்கும். உடம்பு ஒருக்களிச்சு இருக்கக் கூடாது, ஈசிஜி ஒயரையெல்லாம் நெஞ்சு மேல இருந்து ஒதுக்கி விடுங்க, பிடிச்சிருக்கற உங்க விரலும் படத்துல விழக் கூடாது, அது உங்க நல்லதுக்கும்தான். டியூபும் தொப்புள் லைனும் ஒரே நேரத்துல போடப் போறாங்கன்னா ரெண்டும் முடிஞ்சு ஒரே படமா எடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, குழந்தை தாங்கற நிலைமைல இருந்தா மட்டும். நெஞ்சு மட்டும் கேட்டிருந்தா கழுத்துல இருந்து தொடை வரைக்கும் எடுக்க விடாதீங்க.

டெக்னீஷியன்கிட்டயும் ஒண்ணு கேளுங்க. டிஜிட்டல் மெஷின்ல கதிர்வீச்சு டோஸ் கூடிப்போனாலும் படம் கருக்காது, அழகாவே இருக்கும், அதனால கூடினதே யாருக்கும் தெரியாம போயிடும், உங்க மெஷின்ல குழந்தையோட எடைக்கு ஏத்த செட்டிங் தனியா போட்டு வச்சிருக்காங்களான்னு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் ஷிஃப்ட் மாறும்போது ராத்திரி எத்தனை மணிக்கு படம் எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்கன்னு சார்ட்ல எழுதி வாயாலயும் சொல்லிடுங்க, ராத்திரி எடுத்தது தெரியாமலே காலைல இன்னொண்ணு எடுக்கறது நடக்குது.