கோட்டைப் பள்ளிவாசல், நாலு ரோடு தேவாலயம்: கிறிஸ்தவர், முஸ்லிம் உறவு பற்றிச் சில கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருந்து வந்த கேள்விகளுக்கு, இந்த இரு சமயங்களின் வரலாற்றைக் கற்பிக்கும் ஒருவரின் பதில்கள்.

செவ்வாய்ப்பேட்டை வியாபாரி: ரெண்டு பேருக்கும் ஆரம்பத்துல இருந்தே பகைதானா சார்?

இல்லைங்க. தொடக்கமே அடைக்கலத்தில்தான். மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களில் சிலர் ஏறத்தாழ 615இல் செங்கடலைத் தாண்டி அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா பகுதி) போனார்கள். அந்நாட்டை ஆண்டவர் கிறிஸ்தவ அரசர் நஜாஷி. மக்காவிலிருந்து ஆள் வந்து அவர்களைத் திருப்பிக் கேட்டபோது, ஜஃபர் இப்னு அபூதாலிப் குர்ஆனின் மர்யம் (இயேசுவின் தாய் மரியாள்) அத்தியாயத்தை ஓதிக் காட்டினார். அதைக் கேட்ட அரசர் அவர்களை ஒப்படைக்க மறுத்தார் என்று இஸ்லாமிய மரபு சொல்கிறது.

பேரரசுகள் வளர்ந்தபோது உறவும் மாறியது. முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் தங்கள் கோயிலையும் சமயச் சட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முஸ்லிம் அல்லாதோருக்கான ஜிஸ்யா வரி கட்ட வேண்டும். புதிய கோயில் கட்டுவதற்குப் பல இடங்களில் தடை இருந்தது. ஆக, பாதுகாப்பு கிடைத்தது, சம உரிமை கிடைக்கவில்லை. இதில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதி வரலாற்றைத்தான் சொல்கிறார்.

ஓமலூர் மாணவர்: சிலுவைப் போர்கள் முழுக்க மதப்போர்தானா?

மத ஆர்வம் உண்மையானது. 1099இல் எருசலேமைப் பிடித்த சிலுவை வீரர்கள் ஊர்மக்களைக் கொன்று குவித்தார்கள். 1187இல் முஸ்லிம் சுல்தான் சலாஹுத்தீன் நகரை மீட்டபோது, பெரும்பாலானோர் மீட்புத்தொகை கட்டி வெளியேற முடிந்தது. ஆனால் 1204இல் இன்னொரு சிலுவைப் படை கொள்ளையடித்தது கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டாண்டிநோபிளை. மதம் மட்டுமே காரணமென்றால் அது நடந்திருக்காது. போர் நடந்துகொண்டிருந்த 1219இல் கிறிஸ்தவத் துறவி அசிசி பிரான்சிஸ் எகிப்து சுல்தான் அல் காமிலை நேரில் சந்தித்துவிட்டு உயிரோடு திரும்பியதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள் தம்பி.

அம்மாபேட்டை ஆசிரியை: தமிழ்நாட்டில் மோதலே இருந்ததில்லை என்கிறார்களே?

இருந்தது அம்மா, அதற்குக் காரணம் முத்து. தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் சலாபத்தின் (முத்துக் குளிக்கும் கடற்பகுதி) மீதும் கடல் வணிகத்தின் மீதும் யாருக்குப் பிடி என்பதில் கடலோர மீனவரான பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் தகராறு. பரதவர் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரை பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் போர்ச்சுக்கீசியர் எதிரணிக் கடற்படையைத் தோற்கடித்த பிறகு கடல் யார் கைக்குப் போனது என்பது தெளிவாகிவிட்டது.

சேலமும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 1784இல் மங்களூர்க் கத்தோலிக்கர்கள் ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்று சந்தேகித்த திப்பு, அவர்களைச் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார். அப்போது சேலமும் மைசூர் ஆட்சியில்தான் இருந்தது. 1792 உடன்படிக்கையில் கம்பெனியிடம் வந்தது. லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் சமயப் பணிக் குழு இங்கே வேலை தொடங்கியது 1827இல். திப்பு காலக் கொடுமையைப் பேசும்போது போர்ச்சுக்கீசியர் கடலில் செய்ததை மறைப்பதும், அதைப் பேசும்போது இதை மறைப்பதும் தவறு.

ஏற்காடு எஸ்டேட் ஊழியர்: ஈசா நபியும் இயேசு சாமியும் ஒண்ணுதானே? அப்ப வேற்றுமை எங்கே?

பேசப்படுபவர் ஒருவரே, சொல்லப்படுவது வேறு. கன்னிப் பிறப்பு, அற்புதங்கள், மஸீஹ் (மெசியா) என்ற பட்டம் ஆகியவை குர்ஆனில் உண்டு, மீண்டும் வருவார் என்பதையும் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரே பெண் மர்யம். ஆனால் இறைமகன் என்பதையும் சிலுவை மரணத்தையும் (குர்ஆன் 4:157) அது ஏற்பதில்லை. கிறிஸ்தவத்துக்கு அந்த இரண்டும்தான் அடித்தளம். “எல்லாம் ஒண்ணுதான்” என்று மேடையில் சொன்னால் இரு தரப்பிலும் நம்பிக்கையுள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். வேற்றுமையைச் சரியாகத் தெரிந்துகொண்டு பழகும் நட்புதான் நிலைக்கும்.

நாலு ரோடு பங்கு இளைஞர்கள்: கோயில் சார்பில் இஃப்தார் வைக்கிறோம். எதில் தவறுவார்கள்?

பெரும்பாலும் நேரத்தில்தான். பேச்சு நீண்டு, பாங்கு சொன்ன பிறகும் மைக் ஓடிக்கொண்டிருக்கும். மக்ரிப் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) நேரத்தைப் பள்ளிவாசலில் அந்த வாரமே கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கு 10 நிமிடம் முன்பே பேச்சை முடித்துவிடுங்கள். முதலில் பேரீச்சம்பழமும் தண்ணீரும், உடனே தொழுகை, பிறகு சாப்பாடு. ஒளூ (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்யக் குழாயும், தொழ விரிப்பும் தேவை. சேலத்திலிருந்து கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக. சுரூபங்கள் உள்ள ஆலயத்தை விட்டுவிட்டுப் பங்கு மண்டபத்தில் வையுங்கள்.

இறைச்சியை ஹலால் கடையில் வாங்கினால் போதாது, பன்றிக்கறி சமைத்த பாத்திரத்தையும் தவிர்க்க வேண்டும். 2025, 2026 இரண்டிலும் ரமலானும் தவக்காலமும் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) ஏறக்குறைய ஒரே நாட்களில் தொடங்கின. அப்படி அமையும் ஆண்டில் வெள்ளிக்கிழமை இஃப்தார் வைத்தால் கத்தோலிக்கருக்குக் கறி கூடாது. கறி சேர்க்காத நோன்புக் கஞ்சி ஒரு பாத்திரம் தனியாக இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி இல்லத்தரசி: பாய் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கலாமா?

ரம்மில் ஊறிய பழம் போட்டதைக் கொடுக்காதீர்கள். சுடும்போது ஆவியாகிவிடும் என்பார்கள். முழுவதும் போவதில்லை, போனாலும் அவர்கள் ஏற்பதில்லை. 250 கிராம் உலர்பழத்துக்கு 200 மில்லி ஆரஞ்சுச் சாறு விட்டுச் சூடாக்கி, ஆறியதும் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். ரம் போல வாரக்கணக்கில் வைத்தால் சாறு புளித்துவிடும். வெனிலா எசன்ஸ் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், ஏலக்காய் போதும்.

பெயர் வேண்டாம் என்றவர்: நான் கத்தோலிக்கப் பெண், அவர் முஸ்லிம். மதம் மாறாமல் மணக்க வழி?

1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழித்து, நோட்டீஸ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள், 3 சாட்சிகளோடு பதிவு. மண்டபம் பிடித்துவிட்டு நோட்டீஸ் கொடுக்கப் போவது பலர் செய்யும் தவறு. இச்சட்டப்படி மணந்தால் சொத்துரிமைக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். இதை இரு வீட்டாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோயிலில் மணமுடிக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும், பங்குத்தந்தை வழியாகக் கேளுங்கள். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முயல்வேன் என்ற வாக்குறுதி உங்களிடம் வாங்கப்படும், அது அவருக்கும் தெரிவிக்கப்படும். அங்கேதான் சிக்கல் வரும், ஆகவே இப்போதே இருவரும் பேசி முடியுங்கள்.

கிச்சிப்பாளையம் வழக்கறிஞர்: இன்றைய நிலை?

2007இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனியே 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுத்தது. தனி ஒதுக்கீட்டில் இடம் குறைகிறது என்று கிறிஸ்தவத் தலைவர்களே கேட்டதால், 2008இல் அவர்கள் பொதுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குத் திரும்பினார்கள். இதனால் இரு சமூகத்துக்கும் இடையே பகை வரவில்லை. கேரளத்து முனம்பத்தில் நிலைமை வேறு. 404 ஏக்கர் வக்ஃபு (இஸ்லாமிய அறப்பணிக்கு நிரந்தரமாக எழுதிவைத்த) நிலமா என்ற வழக்கில் ஏறத்தாழ 600 குடும்பங்களின் பட்டா சிக்கியிருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் லத்தீன் கத்தோலிக்கர். இது பத்திரத்தையும் பதிவேட்டையும் வைத்துத் தீர்க்க வேண்டிய நிலத்தகராறு. அதை மதச்சண்டையாக்கிப் பேசுபவர்களிடம், அந்த நிலத்தை ஃபாரூக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்த 1950ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் படித்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.