வாங்கலாமா, வேண்டாமா: படுக்கை நனைவதற்கு மூலிகைப் பொடி

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. வாரத்தில் நாலு நாள் படுக்கையை நனைக்கிறான். மூலிகைப் பொடி, மூன்று மாத கோர்ஸ் 2,700 ரூபாய் என்று யூடியூபில் விற்கிறார்கள். கீழே ஏகப்பட்ட பேர் குணமானதாக எழுதியிருக்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு தாய், தருமபுரி

பதில்: வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த 'எனக்குக் குணமாச்சு' வியாபாரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம். ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இரவில் நனைக்கிறார்கள். அப்படி நனைக்கும் பிள்ளைகளில் வருடத்துக்கு 15 சதவீதம் பேருக்கு எந்த வைத்தியமும் இல்லாமல் தானாகவே நின்றுவிடும். ஆயிரம் வீட்டுக்குப் பொடி விற்றால் ஒரு வருடத்தில் 150 வீட்டில் 'நின்றுவிட்டது'. அவர்கள் நன்றியோடு எழுதுவார்கள். மீதி 850 பேர் கூச்சப்பட்டு வாயைத் திறக்கமாட்டார்கள். பொடிக்குப் பதில் அரிசி மாவு கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

பொடி சாப்பிடாத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். மூலிகை, அக்குபஞ்சர் போன்றவை பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2011-ல் திரட்டிப் பார்த்தது. கிடைத்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். நம்பிக் காசு போடும் அளவுக்கு எதுவும் தேறவில்லை. உரிம எண்ணைக் காட்டினாலும் மயங்காதீர்கள், அது தயாரிப்பதற்கான அனுமதிதான், குணமாக்கும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. முதலில் பையனுக்கு மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். பாதிக் கதை பல வீடுகளில் அங்கேதான்.

கேள்வி: எள்ளும் வெல்லமும் கொடுத்தால் நிற்கும் என்கிறார் மாமியார்.

பதில்: தாராளமாகக் கொடுங்கள், நல்ல பண்டம். மருந்து என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: ஈரம் பட்டால் அடிக்கும் அலாரம் வாங்கினோம். ஐந்து நாளாக வீட்டில் எல்லாரும் எழுந்துவிடுகிறோம், பையன் மட்டும் தூங்குகிறான். திருப்பி அனுப்பலாமா?

பதில்: கூடவே வந்த தாளைப் படித்தீர்களா? முதல் சில வாரம் நீங்கள்தான் அவனை எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகும். விடாமல் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஐந்து நாள் பொறுமைக்கு எதை வாங்கினாலும் தண்டம்.

கேள்வி: சந்தையில் வாங்கிய பொடி டப்பாவில் சாமி படமும் பெயரும்தான் இருக்கின்றன. இயற்கைதானே, தொடரலாமா?

பதில்: தயாரிப்பாளர் முகவரி இல்லை, உரிம எண் இல்லை, சேர்மானம் இல்லை, காலாவதி இல்லை. இதைப் பிள்ளை வாயில் போடத் துணிந்தீர்களே! அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. என்னிடமும் முகவரி இல்லாத ஒரு முடி வளரும் எண்ணெய் உண்டு. வளர்ந்தது தலையணை உறைக் கறைதான். அது தலையோடு போயிற்று, இது வயிற்றுக்குள் போகிறது. இன்றே நிறுத்துங்கள்.

கேள்வி: 'பலன் இல்லையென்றால் பணம் வாபஸ்' என்றதை நம்பி 5,400 ரூபாய் அனுப்பினேன். இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். மகளுக்கு ஒன்பது வயது. வெட்கத்தில் பள்ளிச் சுற்றுலாவுக்கே வரமாட்டேன் என்கிறாள்.

பதில்: நீங்கள் ஏமாளி இல்லை, அம்மா. வாக்குக் கொடுத்து ஏமாற்றியவன் அவன். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், டப்பா எதையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அசையவில்லையென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மகளைக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சுற்றுலா மாதிரி ஓரிரு இரவுகளுக்கு, சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை கொடுப்பதுண்டு. அதைப் போட்டால் இரவில் தண்ணீர் குடிப்பதில் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.