பாரிஸ் முதல் பெர்லின் வரை ரயிலில்: பாஸ் வாங்கலாமா, தனித்தனி டிக்கெட்டா?

கேள்வி: ஜூன் மாதம் நானும் கணவரும் 13, 9 வயதுப் பிள்ளைகளோடு பாரிஸ், சூரிச், வியன்னா, ப்ராக், பெர்லின் என்று இரண்டு வாரம் ரயிலிலேயே சுற்ற நினைக்கிறோம். கடைசியில் பெர்லினிலிருந்து பாரிஸ் திரும்பி அங்கிருந்து சென்னைக்கு விமானம். யூரெயில் பாஸ் எடுப்பதா, தனித்தனி டிக்கெட்டா? எப்போது எடுக்க வேண்டும்? நடுவில் ஒரு ரயில் தவறினால் என்ன ஆகும்?

பதில்: உங்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் சரி. யூரெயில் என்பது பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கு ஒரே பாஸ். அதன் பலனே நினைத்த நேரத்தில் நினைத்த ரயிலில் ஏறுவதுதான். நீங்களோ ஊர்களையும் நாட்களையும் முடிவு செய்துவிட்டீர்கள். தேதி முடிவானவர்கள் முன்கூட்டியே எடுத்தால் நான்கைந்து பயணங்களுக்குப் பெரும்பாலும் தனி டிக்கெட்டே மலிவு. பாஸ் இருந்தாலும் பாரிஸ்–சூரிச் டிஜிவி (பிரெஞ்சு அதிவேக ரயில்) ரயிலில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவர் பாஸ் எடுத்தால் உங்கள் 9 வயதுப் பிள்ளைக்கு இலவசம். 13 வயதுப் பிள்ளைக்கு இளையோர் விலையில் தனி பாஸ் வேண்டும். (ஐரோப்பாவிலேயே குடியிருக்கும் உறவினர் யாராவது உங்களோடு சேர்ந்தால் அவர்களுக்கு யூரெயில் கிடையாது, ஐரோப்பாவில் வசிப்போருக்கான இன்டர்ரெயில் பாஸ்தான்.)

ஐரோப்பா முழுவதற்கும் ஐஆர்சிடிசி போல ஒரே தளம் இல்லை. அதனால் எந்த ரயிலை யார் ஓட்டுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விலை, விற்பனை தொடங்கும் நாள், இருக்கை கட்டாயமா இல்லையா எல்லாம் அதைப் பொறுத்ததுதான். ஜெர்மன் ரயில்வேயான டிபியின் தளத்தில் அனேகமாக ஐரோப்பா முழுவதற்கும் நேர அட்டவணை கிடைக்கும். அதில் நேரம் பார்த்துவிட்டு, டிக்கெட்டை அந்த ரயிலை ஓட்டுபவர்களிடம் எடுங்கள். இடைத்தரகர் தளங்கள் வசதிதான், ஆனால் பல தளங்கள் கட்டணம் சேர்க்கும். ரயில் ரத்தானால் பணத்துக்கு யாரிடம் போவது என்ற இழுபறியும் வரும்.

பாரிஸ்–சூரிச் டிஜிவி லிரியா, சுமார் 4 மணி நேரம். பாரிஸில் பெரிய ரயில் நிலையங்கள் பல உண்டு; இது கார் து நோர் நிலையத்திலிருந்து அல்ல, கார் து லியோன் நிலையத்திலிருந்து புறப்படும். இருக்கை டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். விமான டிக்கெட் மாதிரி நாளாக ஆக விலை ஏறும், காத்திருப்போர் பட்டியல் என்பதே இல்லை. ஜூன் பயணத்துக்குப் பிப்ரவரியிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்.

சூரிச்–வியன்னா ஆஸ்திரிய ரயில்வேயான ஓபிபியின் ரெயில்ஜெட் என்னும் விரைவு ரயில், ஏறக்குறைய 8 மணி நேரம். இரவு ரயிலும் உண்டு. ஒரு நாள் விடுதிச் செலவு மிச்சம் என்று தோன்றும். பிள்ளைகளோடு போகும் உங்களுக்கு நான் பகல் ரயிலையே சொல்வேன். ஆர்ல்பெர்க் மலைப்பாதை பகலில் பார்க்க வேண்டியது. புறப்படும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் சூரிச் ஏரியும், அப்புறம் மலையடியில் வாலென்சே ஏரியும் தெரியும். எல்லையில் புக்ஸ் நிலையத்தில் ரயில் திசை மாறும், அதன்பின் இடம் வலமாகிவிடும். இந்த ரயிலில் டிக்கெட் இருந்தாலே இருக்கை உண்டு என்று அர்த்தமில்லை. இருக்கை முன்பதிவு தனி, கட்டாயமும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமே, அதனால் அந்தச் சிறு தொகையைக் கட்டிவிடுங்கள்.

வியன்னா–ப்ராக், ப்ராக்–பெர்லின் இரண்டும் சுமார் 4 மணி நேரம். இங்கே செக் ரயில்வேயின் தளத்தையும் பாருங்கள். அதே ரயிலுக்கு ஆஸ்திரிய, ஜெர்மன் தளங்களைவிட அங்கே பல நேரம் குறைந்த விலை இருக்கும். டிக்கெட்டில் வியன்னா ‘வீன்’ என்றும், ப்ராக் ‘ப்ராஹா’ என்றும் இருக்கும். பெர்லின் போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள், டிரெஸ்டன் வரை எல்பே ஆறு நெடுந்தூரம் கூடவே வரும். எல்லை தாண்டியதும் ஜெர்மன் போலீஸ் ஏறிச் சோதிப்பதுண்டு, எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

தவறவிடும் பயம் உங்களுக்குப் பெரிதாக வேண்டாம். எல்லா ஊர்களுக்கும் நேரடி ரயில் இருக்கிறது, நடுவில் மாறவே தேவையில்லை. மாறும்படி எடுத்தால் மட்டும் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் ரயில் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், உங்களைச் சேர்க்க வேண்டியது ரயில்வேயின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் அந்த உரிமை தானாக வராது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, போய்ச் சேர 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடம் தாண்டினால் 50 சதவீதமும் இழப்பீடு கேட்கலாம். சில காரணங்களுக்கு விலக்கு உண்டு.

விசாதான் உண்மையான சிக்கல். ஐந்து நாடுகளும் ஷெங்கன் என்னும் பொது விசா வட்டத்தில் இருப்பதால் ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மலிவான டிக்கெட்டுகள் பலவற்றில் பணம் திரும்ப வராது. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்க முடியும் என்பதால், டிசம்பரிலேயே ஆரம்பித்து விசா கைக்கு வந்ததும் டிக்கெட் எடுங்கள். உங்கள் கார்டில் சர்வதேச ஆன்லைன் பரிவர்த்தனை வசதியையும் முன்பே இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் நின்றுவிடும்.

கடைசியாக, விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பாரிஸில் இறங்கி பெர்லினில் ஏறும்படி எடுங்கள். ஒரு முழு நாள் மிச்சமாகும். எடுத்தாகிவிட்டதா? 2024 டிசம்பர் முதல் பெர்லின்–பாரிஸ் நேரடி ஐசிஇ (ஜெர்மன் அதிவேக ரயில்) ஓடுகிறது, சுமார் 8 மணி நேரம். அது பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்துக்கு மாலையில் வந்து சேரும். அன்றிரவு விமானத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், மறுநாளுக்கு வையுங்கள்.